பதினாலாம் தேதிக்கு ஒரு வியட்நாம் கடை

ஜூன் 9, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள். பஸ் திருத்தங்கல் தாண்டுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

முதலில் ஒரு பாவமன்னிப்பு. பைண்டிங் ஃபோர்மேன் சூசைக்குக் கோயிலில் சாமியார் இருக்கிறார். எனக்கு இந்த டைரிதான். அதுவும் நம் கம்பெனியில் பக்கம் மாறித் தைத்து ஒதுக்கிய டைரி. ஜூன் இரண்டு தடவை வரும், ஜூலை கிடையாது. பொய் எழுதப் பொருத்தமான டைரி. ஆனால் எழுதப்போவது உண்மை.

உண்மை: இந்த ஐம்பத்து மூன்று வயது வரை வியட்நாம் சாப்பாட்டை நான் வாயில் வைத்ததில்லை. கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தேசப்படத்தில் வியட்நாமைக் காட்டு என்றால் விரலை வட்டமாகச் சுற்றிவிட்டு, 'இந்தா, இங்கனதான் எங்கயோ' என்பேன்.

பொய்: போன மாதம் என் மகள் மீனா சென்னையிலிருந்து வீடியோவில் ஒரு குடும்பத்தைக் காட்டினாள். அவளோடு வேலை பார்க்கும், அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் கார்த்திக், அவனுடைய அப்பா, அம்மா. பாண்டிச்சேரிக்காரர்கள். அம்மா பெயர் லலிதா. நல்ல தமிழ், சிரித்த முகம். 'எங்க அம்மா சைகோன்ல பொறந்தவங்க. வியட்நாம்காரங்க' என்றார். நான் வாயை மூடிக்கொண்டு 'அப்படியா' என்று சொல்லியிருக்கலாம். சொன்னது: 'அடடே! நான் சென்னை வந்தா மொத வேலையே வியட்நாம் சாப்பாடுதாங்க!'

'எது பிடிக்கும்ணா?' என்று அந்தம்மா ஆசையாகக் கேட்டார்.

'அந்தக் குருமா இருக்கே' என்றேன்.

பக்கத்தில் என் மனைவி ராஜி என்னைப் பார்த்த பார்வையைப் பாட்டிலில் அடைத்தால் ஆணிக்குத் துரு எடுக்கலாம்.

பலன்: இரண்டு குடும்பமும் சென்னையில் ஒரு வேளை சேர்ந்து சாப்பிடுவது என்று முடிவானபோது லலிதா, 'எங்களுக்குச் சென்னைக் கடையெல்லாம் தெரியாது, அண்ணனே ஒரு நல்ல வியட்நாம் கடையா சொல்லட்டும்' என்றுவிட்டார். எந்தக் கடை? எத்தனை இருக்கின்றன? அங்கே என்ன கிடைக்கும்? ஒன்றும் தெரியாது.

சிரிப்பாக எழுதிக்கொண்டு போகிறேன். விஷயம் சிரிப்பில்லை. ராஜிக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை. நேற்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்: 'ஒரு தடவை வர்றேன். ஒரு வேளை அவுகளோட உக்காந்து சாப்பிடுறேன். மனசுக்கு ஒட்டலைன்னா அத்தோட இந்தப் பேச்சை விட்டுரணும்.' மீனா என்னிடம் தனியாகப் பேசினாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. 'நான் ஓடிப்போறவ இல்லப்பா. அம்மா வேணாம்னா வேணாம்தான். ஆனா அதுக்கப்புறம் எனக்கு வேற யாரையும் பாக்காதீங்க.'

ஆக ஒரு சாப்பாட்டில் என் மகள் கல்யாணம் தொங்குகிறது. கடை பார்க்கும் பொறுப்பு குருமா சொன்னவனிடம்.

பகல்: கம்பெனியில் ப்ரூஃப். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருட காலண்டர் ஆல்பம், ஏஜெண்டுகளுக்குக் காட்டுகிற மாதிரிப் புத்தகம், வெளியாக வேண்டும். மேசை முழுக்கத் தேதித் தாள்கள். நல்ல நேரம், ராகு காலம், திதி, சூலம். கண் பிதுங்குகிறது. பொங்கலிலிருந்தே எனக்கு அடுத்த வருடம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரே இந்த வருடத்து மாம்பழம் சாப்பிட, நான் அடுத்த வருடத்து அட்சய திருதியையில் ஒரு காற்புள்ளியைத் தேடிக்கொண்டிருப்பேன்.

மதியம் மீனா போன். 'பதினாலாம் தேதி மத்தியானம்னு நினைக்கிறோம்பா. நல்ல நாளான்னு அவங்க அம்மா உங்களைக் கேக்கச் சொன்னாங்க. காலண்டர் கம்பெனிக்காரர் சொன்னா சரியா இருக்குமாம்.'

பெருமையில் நெஞ்சு ஒரு இஞ்ச் விரிந்தது. மேசையில் பதினாலாம் தேதித் தாள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. வளர்பிறை. சுபமுகூர்த்தம். 'அமோகமான நாள்மா' என்றேன். 'அதை விட்டா அந்த மாசத்துலயே நாள் கிடையாது.'

இரவு சாப்பாடு: தோசை. ராஜி பேசவில்லை. சட்னி பேசியது. காரம்.

ஜூன் 10, புதன்

காற்று இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஹேர் டிரையர்.

காலையில் ராஜியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன், பதினாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் என்று. ஒரு ரகளையை எதிர்பார்த்தேன். அவள் அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். (நம் கம்பெனிதான். முருகன் படம். எண்ணெய்ப் பிசுக்கு.) நிதானமாக நாலு தாளைத் தூக்கிப் பார்த்தாள்.

'பதினாலா? சரி. வர்றேன்.'

'வர்றியா?'

'அதான் வர்றேன்னு சொல்றேன்ல. எம்புட்டுத் தடவை கேப்பீக?'

லேசாகச் சிரித்த மாதிரியும் இருந்தது. இருபத்தெட்டு வருடமாக இந்தச் சிரிப்பைப் படிக்க முயல்கிறேன். ப்ரூஃப் ரீடருக்கே பிடிபடாத எழுத்து.

கம்பெனியில் டீ நேரத்தில் சூசையிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். சூசையிடம் மட்டும் சொல்வது என்றால் பைண்டிங் செக்‌ஷன் முழுக்கச் சொல்வது.

'அண்ணாச்சி, அவுக ரெண்டு குச்சியில்ல வச்சுச் சாப்பிடுவாக!'

'தெரியும்வே.'

'பிடிப்பீகளா?'

இரண்டு பென்சிலை எடுத்து ஒரு வடைத் துண்டைப் பிடிக்கப் பார்த்தேன். வடை பறந்துபோய் அடுத்த வருட தீபாவளி ப்ரூஃப் மேல் விழுந்தது. எண்ணெய் வட்டம்.

'தீக்குச்சி செய்யிற ஊர்ல பொறந்துட்டு ஒரு குச்சி பிடிக்கத் தெரியலையே அண்ணாச்சி!' பைண்டிங் பெண்கள் எல்லாரும் சிரிப்பு. ஒரு பெண் வந்து பென்சிலை வாங்கி, வடையை நாசூக்காக எடுத்து, தானே சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

முதலாளியிடம், சென்னை ஏஜெண்டுகளைப் பார்த்து வருகிறேன் என்றேன். 'ஜூன்லயா? ஆல்பமே ரெடியாகல, எதைவே காட்டுவீரு?' என்றார். 'மொகத்தைக் காட்டிட்டு வர்றேன் அண்ணாச்சி' என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. மூன்றாவது ராஜிக்கு: 'கம்பெனி வேலையா முன்னாலயே போறேன், நீ சனிக்கிழமை ரயிலேறு.'

எடுத்து வைக்க: வேட்டி 2, நல்ல சட்டை 1 (நீலம்), ஜெலுசில், பென்சில் 2 (பயிற்சிக்கு).

ஜூன் 11, வியாழன்

சென்னை. புழுக்கம். நம் ஊரில் வெயில் சுடும், இங்கே அவிக்கும்.

எழும்பூரில் லாட்ஜ். பதினோரு மணிக்குப் பாரிமுனையில் ஒரு ஏஜெண்ட். முகத்தைக் காட்டினேன். அவர் சுவரில் நம் காலண்டர். லட்சுமி படத்தில் சிவப்பு கொஞ்சம் தூக்கல், அச்சில் கவனிக்கச் சொல்ல வேண்டும். தேதி கிழிப்பதில்லை போலிருக்கிறது, மூன்றாம் தேதியிலேயே நிற்கிறது. காலண்டர் விற்கிறவர்கள் யாரும் காலண்டர் பார்ப்பதில்லை.

'இங்க வியட்நாம் கடை எங்கண்ணே இருக்கு?'

'என்ன, பேப்பர் இறக்குமதியா?'

'சாப்பிட.'

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. அவருடைய கிளார்க் போனில் தேடி மூன்று கடைகளை எழுதிக் கொடுத்தான்.

கடை 1. நுங்கம்பாக்கம் பக்கம், ஒரு பெரிய வணிக வளாகத்தின் மூன்றாவது மாடி. அட்டையில் சீனா, ஜப்பான், தாய்லாந்து, வியட்நாம் நான்கும் உண்டு. வியட்நாமுக்குக் கடைசிப் பக்கத்தில் ஐந்து வரி. எதிரே ஒரு பெரிய திரையில் கிரிக்கெட். 'ஃபோ' என்று போட்டிருந்தது, அதையே கேட்டேன். பெரிய கிண்ணத்தில் சூடான தண்ணீர், அதற்குள் சேவை, கோழி, வெங்காயத்தாள். தனியாக ஒரு தட்டில் புதினா, மல்லி, எலுமிச்சை, மிளகாய். நம் ஊரில் குழம்பு செய்து கொடுப்பார்கள். இங்கே பாதிச் சமையலை நம் தலையில் கட்டுகிறார்கள்.

ருசி? உப்பு தெரிந்தது. மற்றது தெரியவில்லை. குற்றம் கடை மேலா, பரோட்டாவில் வளர்ந்த நாக்கு மேலா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ராஜியை இங்கே எஸ்கலேட்டரில் ஏற்ற முடியாது. மதுரையில் ஒரு தடவை ஏற்றி, சேலை முந்தியை நான் பிடிக்க, அவள் என் காலரைப் பிடிக்க, செக்யூரிட்டி எங்கள் இருவரையும் பிடித்தான்.

முடிவு: தள்ளுபடி.

ஜூன் 12, வெள்ளி

காலையில் லேசாகத் தூறி, ஏமாற்றிவிட்டுப் போனது.

கடை 2. அண்ணா நகர். வீட்டையே கடையாக்கியிருக்கிறார்கள். பகல் ஒரு மணிக்கே ஜன்னலை மூடி மஞ்சள் விளக்கு. முழுக்க இருபது வயதுக்காரர்கள். நான் நுழைந்ததும் ஒரு ஜோடி கையை விட்டுவிட்டது. யார் அப்பாவோ என்று பயந்திருப்பார்கள்.

இருட்டில் அட்டை படிக்க முடியவில்லை. போன் வெளிச்சத்தில் படித்தேன். படித்தால் சும்மா இருக்குமா கை? இங்கிலீஷில் மூன்று எழுத்துப் பிழை. என்னையறியாமல் சட்டைப்பை பேனாவை எடுத்துச் சுழித்துத் திருத்தி, ஓரத்தில் குறியும் போட்டுவிட்டேன். பரிமாற வந்த பெண் பார்த்துவிட்டு உள்ளே போய், மானேஜருடன் வந்தாள்.

'சார், மெனுல எழுதக் கூடாது.'

'எழுதலை தம்பி, திருத்தினேன்.'

சாப்பிட்டது: நீள ரொட்டிக்குள் கோழியும் ஊறுகாய்க் காரட்டும். நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மேல் ரொட்டி மட்டும் அண்ணத்தைக் கிழித்தது. பிறகு முட்டை காபி. காபியில் முட்டை! ராஜிக்குத் தெரிந்தால் கல்யாணப் பேச்சோடு என் பேச்சும் முடிந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து ராஜி போன்.

'சாப்பிட்டீகளா?'

'ஆச்சு.'

'என்ன?'

'இட்லி.'

'வெள்ளிக்கிழமை. கவுச்சி கிவுச்சி தொட்டுறாதீக.'

'சேச்சே.' மீசையில் முட்டை நுரை.

பிறகு அவளே மெதுவாகக் கேட்டாள். 'ஏங்க, அந்தம்மா படிச்சவுகளா?'

'டீச்சரா இருந்து ரிடையர் ஆனவுகளாம்.'

'பிரெஞ்செல்லாம் பேசுவாகளாம்ல.'

'பேசட்டுமே.'

'ம்' என்று வைத்துவிட்டாள்.

இந்த 'ம்'மைத்தான் எழுத வேண்டும். அவள் பிறந்தது தாயில்பட்டி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டின கை அது. அங்கே அப்போது எல்லா வீட்டிலும் அதுதான். கல்யாணமாகி விருதுநகர் வந்த பிறகு ஒரு தடவைகூட அவள் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. மீனாவுக்கே தெரியாது. பாம்பு சாப்பிடுவார்களா, தவளை சாப்பிடுவார்களா என்று அவள் என்னிடம் கேட்டதெல்லாம் சும்மா. தன்னை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதுதான் அவள் பயம். எனக்கு இது இன்றைக்குத்தான், முட்டை காபி முன்னால், உறைத்தது. இருபத்தெட்டு வருடம் ஆகியிருக்கிறது.

கடை 2 முடிவு: சாப்பாடு தேர்ச்சி, வெளிச்சம் தோல்வி. சம்பந்தி முகம் சம்பந்திக்குத் தெரிய வேண்டும்.

ஜூன் 13, சனி

வெயில். கடல் காற்று. ஜெலுசில் தீர்ந்தது.

கடை 3. பெசன்ட் நகரில் ஒரு உள் தெரு. கீழ்த்தளம், படி இரண்டே. வேப்பமரம். பெரிய ஜன்னல். எட்டு மேசை. பரிமாறுகிற பையன் மிசோரம், பெயர் லால். ஆறு வருடமாகச் சென்னை. என்னைவிட வேகமாகச் சென்னைத் தமிழ் பேசுகிறான்.

'சார் ஃபர்ஸ்ட் டைமா?'

'ம்' என்றேன். யாரும் தெரிந்தவர்கள் இல்லையே.

குச்சி வைத்தான். மூன்று நிமிடப் போராட்டம். சேவை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிறகு ஸ்பூன் கேட்டேன். சூப்பை முடித்ததும் பழக்க தோஷத்தில், 'தம்பி, கொஞ்சம் சாதம் இருந்தா கொண்டா' என்றேன். கொண்டுவந்தான். பிசைந்து சாப்பிட்டேன். பத்து நாள் பட்டினிக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

ஆனால் ருசி தெரிந்தது! பட்டை, நட்சத்திர மொக்கு, சுட்ட இஞ்சி. நம் வீட்டு மசாலா வாசனையே, எண்ணெய் இல்லாமல், குளித்துவிட்டு வந்த மாதிரி.

அடுத்து அரிசித் தாள். கண்ணாடி மாதிரி ஒரு வட்டத் தாள், அதில் இறாலும் கீரையும் வைத்துச் சுருட்டியிருந்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தேன். கனம் முப்பது ஜி.எஸ்.எம். இருக்கும். நல்ல ஃபினிஷ், ஓரத்தில் பிசிறில்லை. முப்பது வருடமாகக் காகிதத்தோடு இருக்கிறேன், தின்றது இன்றுதான் முதல்.

சுற்றும் முற்றும் பார்த்து, வேறு சோதனைகள்:
மின்விசிறி: ஓடுகிறது.
கழிப்பறை: சுத்தம்.
கை கழுவும் இடம்: உண்டு, தேடாமல் கிடைக்கும்.
மீன் சாற்று (அவர்கள் ஊர் சாஸ்) வாடை: லேசாக. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் தெரியாது.
பாம்பு, தவளை: இல்லை. (லாலிடம் கேட்டேன். அவன் கும்பிட்டான்.)

முடிவு: இதுதான். நாளை ஒரு மணிக்கு ஜன்னல் மேசை, ஆறு பேர். முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன்: கோழி சூப், இறால் சுருள், பொரித்த கோழிச் சுருள், மீன் வறுவல். ராஜிக்கு நல்ல மீன் என்றால் உயிர். மீனில் விழுந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

சாயங்காலம் விருதுநகர் ஸ்டேஷனிலிருந்து ராஜி. பின்னால் ரயில் அறிவிப்பு. குரலில் ஒரு குஷி.

'கடை பாத்தாச்சா?'

'பாத்தாச்சு. உனக்கு மீன் சொல்லியிருக்கேன்.'

'மீனா? சொல்லுங்க, சொல்லுங்க. நல்லாச் சொல்லுங்க.'

அந்தக் குஷி எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

வெயில் இருந்ததா என்று ஞாபகமில்லை.

காலை மீனா தங்கியிருக்கும் வீட்டில் ராஜி இறங்கினாள். இரண்டு பை: சாத்தூர் சேவு, மிளகாய் வற்றல், பருப்புப் பொடி, மல்லாங்கிணறு அத்தை கொடுத்த பாசிப்பயறு. குளித்து, பட்டுச்சேலை. நான் நேராகக் கடைக்குப் போய், ஜன்னல் மேசையில் ஆறு பேர் இடத்துக்கும் காவலாக உட்கார்ந்தேன். பசி. லால் ஒரு இறால் சுருள் கொண்டுவந்து வைத்தான். இரண்டே கடி. உள்ளே.

ஒரு மணிக்கு எல்லாரும். கார்த்திக், ஒல்லி, பயந்த முகம். ராஜியின் காலைத் தொட்டுக் கும்பிடப்போய்த் தண்ணீர்க் கிளாஸைத் தட்டிவிட்டான். அவனுடைய அப்பா சுப்பிரமணியன் அதிகம் பேசமாட்டார். உட்கார்ந்ததும் என் காதில், 'விருதுநகர்ல பரோட்டாவை எண்ணெய்ல பொரிப்பாங்களாமே, நிஜமா சார்?' என்றார். முப்பத்தைந்து வருடம் வியட்நாம் மருமகனாக இருந்தவருடைய ஏக்கம். பிடித்துப்போயிற்று.

லால் வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

'சாருக்கு ஸ்பூன் கொண்டாந்துட்டேன். நேத்து குச்சி வரலைல்ல? ரைஸும் ரெடி சார்.'

மீனா கையால் முகத்தை மூடிக்கொண்டாள். லலிதா என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

'குருமான்னு சொன்னப்பவே தெரியும்ணா எனக்கு! எங்க அம்மா இருந்திருந்தா உங்களுக்காகவே ஒரு குருமா வச்சிருப்பாங்க.'

என் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று ராஜியைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு, இத்தனை நாள் பொத்தி வைத்திருந்ததை எடுத்தாள்.

'நீங்க எல்லாரும் சாப்பிடுங்க. நான் சாப்பிட மாட்டேன். இன்னைக்கு அமாவாசை.'

அமாவாசையா? வளர்பிறை என்று என் கண்ணால் பார்த்தேனே?

ராஜி என் பக்கம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னாள். 'உங்க அப்பாவுக்கு எள்ளுந் தண்ணியும் இறைச்சீகளா?' இறால் தின்ற தட்டை மெதுவாக மெனு அட்டையால் மூடினேன்.

அன்றைய சிரிப்பு அப்போதுதான் புரிந்தது. வருவது, உட்காருவது, அமாவாசை என்று பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்துவிடுவது, ஊருக்குப் போய் 'ஒட்டலை' என்று சொல்வது. மரியாதையும் கெடாது, சம்பந்தமும் ஒட்டாது. நானே நாள் குறித்து, நானே மீன் சொல்லி, அவள் கையில் கத்தியைக் கொடுத்திருக்கிறேன். மீனா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லலிதா சிரிப்பை நிறுத்திவிட்டார். ராஜியின் கை மேல் கை வைத்தார்.

'நானும் சாப்பிட மாட்டேனே. எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சிட்டிருந்தேன். எங்க அம்மா மாசத்துல ரெண்டு நாள் சைவம். அமாவாசை, பௌர்ணமி ரெண்டுக்கும். அவங்க ஊர்ல அப்படித்தானாம். அவங்க போன பிறகும் நான் விடலை. அண்ணன் அமோகமான நாள்னு சொன்னாருன்னு மீனா சொல்லவும், அமாவாசைன்னு தெரிஞ்சேதான் குறிச்சிருக்காரு, விவரமானவருன்னு இவர்கிட்ட சொன்னேன்.'

சுப்பிரமணியன் தலையாட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தலையாட்டினேன்.

ராஜி தடுமாறிப்போய், செருகிய முந்தியை எடுத்து மறுபடி செருகினாள். அவளை அப்படி நான் பார்த்தது இரண்டாவது தடவை. முதல் தடவை பிரசவத்தில்.

லலிதா எழுந்து நேராக அடுப்படிக்குள் போனார். என்ன சொன்னாரோ, மீனும் கோழியும் மேசைக்கு வரவில்லை. வந்தது: ஒரு அடுக்கு அரிசித் தாள், ஒரு தட்டில் வெந்நீர், சேவை, வெள்ளரி, காரட், கீரை, வேர்க்கடலை, தொட்டுக்கொள்ளக் கடலைச் சாறு. 'நாமளே சுருட்டிக்கலாம்' என்றார். ஒரு தாளை நனைத்தார், விரித்தார், கீரை வைத்தார், மடித்தார், சுருட்டினார். ராஜி பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒன்று சுருட்டினேன், கிழிந்தது. கார்த்திக் சுருட்டியது தலையணை மாதிரி. மீனாவுடையதில் கடலை கொட்டியது.

'இழுத்துப் பிடிக்கணும்' என்றாள் ராஜி.

'நீங்க பண்ணுங்களேன்' என்றார் லலிதா.

ராஜி தாளை எடுத்தாள். நனைத்தாள். உள்ளங்கையால் ஒரே தள்ளு. ஒரே உருட்டு. ஓரம் ஒட்டி, இரண்டு முனையும் மடங்கி, அச்சில் வார்த்த மாதிரி ஒன்று. மூச்சு விடுவதற்குள் இன்னொன்று. இன்னொன்று. ஏழு, எட்டு, எல்லாம் ஒரே நீளம், ஒரே பருமன். லால் தட்டை வைத்துவிட்டு நின்று பார்த்தான்.

'எங்கக்கா பழகினீங்க?' என்றார் லலிதா. 'எங்க அம்மாவுக்கே இவ்வளவு இறுக்கமா வந்ததில்லை.'

ராஜி என்னைப் பார்த்தாள். மீனாவைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

'தாயில்பட்டியில. வெடிக்குக் குழாய் உருட்டுவோம். எட்டு வயசுலருந்து. எங்க தெருவுல என்னைய மாதிரி உருட்ட ஆளு கிடையாது.'

'அம்மா?' என்றாள் மீனா.

'என்னடி அம்மா? அதுலதான் நோட்டு, பாவாடை எல்லாம் வாங்குனேன்.'

லலிதா ஒரு சுருளை எடுத்துக் கடித்தார். மென்று முடிக்கும் வரை ராஜி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'எங்க அம்மா பாண்டிச்சேரியில வீடு வீடா இதைத்தான் சுருட்டி வித்தாங்க' என்றார். 'அதுலதான் என்னை டீச்சராக்கினாங்க. நான் ரொம்ப நாள் யார்கிட்டயும் சொன்னதில்லை. பிள்ளைங்க கேலி பண்ணும்னு.'

ராஜி அப்போதுதான் சுருட்டிய ஒன்றைக் கடலைச் சாற்றில் தொட்டு அவர் தட்டில் வைத்தாள்.

'இன்னொன்னு சாப்பிடுங்க சம்பந்தியம்மா.'

மீனா என் கையை மேசைக்குக் கீழே பிடித்தாள். எலும்பு நொறுங்கப் பார்த்தது. நான் கண்ணில் மிளகாய் பட்டதாகச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. சுப்பிரமணியன் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அதுவும் ஏற்கெனவே கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது லலிதா வாசலில் நின்று ராஜியிடம் சொன்னது என் காதில் விழுந்தது: 'நிறைஞ்ச அமாவாசையாப் பாத்துக் குறிச்சாரு பாருங்க. நிச்சயதார்த்தத்துக்கும் அண்ணனே ஒரு நாள் பாத்துச் சொல்லட்டும்.'

'அவுக பொழப்பே அதான' என்றாள் ராஜி. வாழ்நாளில் முதல் தடவையாக என் வேலையைப் பற்றிப் பெருமையாக.

ஜூன் 15, திங்கள்

விருதுநகர். வெயில், பழைய சுள். குளித்து, தாமதமாக எள்ளும் தண்ணீரும். அப்பா என்னை அறிந்தவர், பொறுத்துக்கொள்வார்.

ராஜி காலையிலேயே பாண்டிச்சேரிக்குப் போன். நாற்பது நிமிடம். அரிசித் தாள் எங்கே கிடைக்கும், ஊறவைக்க எத்தனை நேரம். இடையில் என்னைப் பற்றியும் ஏதோ. இரண்டு பக்கமும் சிரிப்பு.

கம்பெனி. சூசை கேட்டான்: 'என்ன அண்ணாச்சி, காயா பழமா?'

'பழம்வே.'

'நாள் யாரு குறிச்சா?'

'யாரு குறிப்பா? நான்தான்.'

பைண்டிங் பெண்களுக்கு லட்டு. முதலாளிகூட வந்து கை கொடுத்தார். அடுத்த வருடம் தன் மகளுக்கும் நாள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கலாம் என்று மேசைக்கு வந்தேன். அதே ஜூன் பதினாலாம் தேதித் தாள் மேலேயே கிடந்தது, வடை எண்ணெய் வட்டத்துக்குப் பக்கத்தில். வளர்பிறை. சுபமுகூர்த்தம். எல்லாம் நான் சொன்னபடிதான்.

கிழமை: திங்கள். தாள் அடுத்த வருடத்தினுடையது.